பாளையங்கோட்டைப் பெயரில் ஒரு பட்டாளம்: பழைய பிரிகேட் வரலாற்றைத் தேடத் தொடங்குவோருக்கு

"எங்க கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர்" என்று சொல்லும் வீடுகள் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. எந்தப் போர்முனை, எந்தப் பட்டாளம் என்று கேட்டால் "வெள்ளைக்காரன் பட்டாளம்" என்பதோடு பதில் நின்றுவிடும். அதற்கு மேல் தேட நினைப்பவர் இணையத்தில் நுழைந்தால் எண்கள் வந்து மேலே விழும். 27-வது பிரிகேட், 63-வது காலாட்படை, 101-வது கிரெனடியர்ஸ், பயணப்படை பி. பாதி பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

உண்மையில் இது அவ்வளவு கடினமான வேலை இல்லை. நான்கைந்து பழக்கங்கள் கைவந்தால் போதும். அவற்றை வெறுமனே சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு பிரிகேடை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம். நான் எடுத்திருப்பது 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் (இன்றைய தான்சானியா) இறங்கிய 27-வது பெங்களூர் பிரிகேட். ஜெயித்த கதை அல்ல. படுதோல்விக் கதை. கற்றுக்கொள்ள அதுதான் வசதி. ஜெயித்த சண்டையைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். தோற்ற சண்டையில் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டியிருப்பார்கள், அப்போதுதான் எதை நம்புவது என்ற கேள்வியே வரும்.

படி 1: முதலில் சொற்கள்

தமிழில் இந்த விஷயத்தைப் படிப்பவருக்கு முதல் தொல்லை நம் செய்தித்தாள் தமிழ்தான். ரெஜிமென்டும் படைப்பிரிவு, பிரிகேடும் படைப்பிரிவு, டிவிஷனும் படைப்பிரிவு. அதனால் குறிப்பு எடுக்கும்போது மட்டுமாவது தனித்தமிழ் ஆசையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

1914 கணக்குப்படி இந்தியக் காலாட்படை பட்டாலியன் ஒன்றில் சுமார் 750 இந்தியர்கள், அவர்களுக்கு மேல் ஒரு டஜன் சொச்சம் பிரிட்டிஷ் அதிகாரிகள். பட்டாலியனுக்குள் இருக்கும் சிறு பிரிவுதான் கம்பெனி. நான்கு பட்டாலியன் சேர்ந்தால் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட் சேர்ந்தால், பீரங்கிப்படை மற்றும் இதர துணைகளுடன், ஒரு டிவிஷன். 27-வது பெங்களூர் பிரிகேட் போருக்கு முன் 9-வது செகந்திராபாத் டிவிஷனில் இருந்தது.

இதில் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ரெஜிமென்ட். அன்றைய இந்தியக் காலாட்படையில் பெரும்பாலான ரெஜிமென்டுகளுக்கு ஒரே பட்டாலியன்தான், ஆகவே இரண்டு சொல்லும் ஒன்றையே குறிக்கும். கூர்க்காக்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பிரிட்டிஷ் ரெஜிமென்ட் வேறு மாதிரி. "2-வது லாயல் நார்த் லங்காஷயர்" என்றால் அந்த ரெஜிமென்டின் இரண்டாவது பட்டாலியன் என்று பொருள். முதல் பட்டாலியன் அதே நேரத்தில் பிரான்சில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் ஒரே சிப்பாய் ஒரே வாரத்தில் இரண்டு கண்டத்தில் இருப்பார்.

"இந்திய பிரிகேட்" என்பதால் எல்லோரும் இந்தியர் என்றும் நினைக்க வேண்டாம். 1857-க்குப் பிறகு வந்த வழக்கப்படி பிரிகேடுக்கு ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் கலந்திருக்கும். நம் பிரிகேடில் அது பெங்களூரில் முகாமிட்டிருந்த அந்த லாயல் நார்த் லங்காஷயர்தான்.

படி 2: எண்ணை உடைத்துப் பாருங்கள்

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி.

1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர், வங்கம், மெட்ராஸ், பம்பாய் என்று தனித்தனியாக எண்ணிட்டிருந்த ரெஜிமென்டுகளை ஒரே வரிசையாக மாற்றினார். வங்கத்து ரெஜிமென்டுகள் வரிசையின் தொடக்கத்தில் நின்றன. மெட்ராஸ் எண்களோடு 60 கூட்டப்பட்டது. பம்பாய் எண்களோடு 100. ஹைதராபாத் கன்டிஞ்சென்ட் (நிஜாம் நாட்டில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்த படை) காலாட்படை 94 முதல் 99 வரை.

இப்போது நம் பிரிகேடின் பட்டியலைப் பாருங்கள். 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி: அறுபதைக் கழித்தால் மூன்று. மெட்ராஸ் ராணுவத்தின் 3-வது ரெஜிமென்ட், பதினெட்டாம் நூற்றாண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலிருந்து வரும் பழைய பட்டாளம். 101-வது கிரெனடியர்ஸ்: பம்பாயின் 1-வது கிரெனடியர்ஸ். 98-வது காலாட்படை: ஹைதராபாத் கன்டிஞ்சென்டின் 5-வது காலாட்படை. பிரிகேடோடு சேர்ந்து போன 61-வது பயனியர்ஸ்: மெட்ராஸின் 1-வது பயனியர்ஸ், பாதை போடுவதற்கும் பள்ளம் தோண்டுவதற்கும் பயிற்சி பெற்றவர்கள், துப்பாக்கியும் பிடிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. 60-க்கு மேல் என்றால் தமிழர், தெலுங்கர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 62-வது பஞ்சாபிகள் என்று ஒரு ரெஜிமென்ட் இருக்கிறது. எண் மெட்ராஸ், ஆட்கள் பஞ்சாப். இதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியாவின் தலைமைத் தளபதியான ஃப்ரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கற்றுப் போய்விட்டார்கள் என்று நம்பியவர். "போர்க்குணம் உள்ள சாதிகள்" என்ற கொள்கை அவர் காலத்தில் வேரூன்றியது. மெட்ராஸ் ரெஜிமென்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார்கள். 1914-இல் பெயரிலும் ஆளிலும் தெற்கத்தியதாக மிஞ்சியிருந்த சிலவற்றில் 63-வதும் 61-வதும் அடக்கம். இதை நினைவில் வையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

1922-இல் மறுபடியும் எல்லா எண்ணும் மாறியது. 98-வது காலாட்படை ஹைதராபாத் ரெஜிமென்டின் 4-வது பட்டாலியனாகி, இன்று குமாவுன் ரெஜிமென்டில் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1920-களின் தொடக்கத்திலேயே கலைத்துவிட்டார்கள். வாரிசு ரெஜிமென்ட் இருந்தால் அதன் வரலாற்றை எழுதிவைக்க யாராவது இருப்பார்கள். கலைந்த பட்டாளத்தின் கதையை அதன் எதிரிகளும் மேலதிகாரிகளும்தான் சொல்வார்கள்.

படி 3: ஒரே எண்ணில் வேறு பிரிகேட் இருக்கிறதா என்று பாருங்கள்

27-வது பிரிகேட் என்று மட்டும் தேடினால் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். பிரிட்டனின் 9-வது ஸ்காட்டிஷ் டிவிஷனிலும் ஒரு 27-வது பிரிகேட் உண்டு. ஆகவே எண், அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்ப்பெயர், ஆண்டு, போர்முனை நான்கும் பொருந்தினால்தான் அது உங்கள் பிரிகேட்.

நானே இதில் அடிபட்டவன். துருக்கியின் கல்லிபோலி தீபகற்பத்தில் நடந்த சண்டை பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கியபோது அங்கே 29-வது இந்திய பிரிகேட், 29-வது பிரிட்டிஷ் டிவிஷன், 10-வது ஐரிஷ் டிவிஷனைச் சேர்ந்த 29-வது பிரிகேட் என மூன்று 29 ஒரே தீபகற்பத்தில் இருந்தது தெரியாமல், இரண்டு வாரக் குறிப்புகளைக் கிழித்துப்போட வேண்டியதாயிற்று.

பயணப்படைகளின் எழுத்தும் உதவும். இந்தியாவிலிருந்து கிளம்பிய படைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தார்கள். ஏ பிரான்சுக்கு, பி டாங்காவுக்கு, சி பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்காவின் (இன்றைய கென்யா) பாதுகாப்புக்கு, டி மெசபடோமியாவுக்கு, இ-யும் எஃப்-பும் எகிப்துக்கு, ஜி கல்லிபோலிக்கு. வீட்டில் கிடைக்கும் பழைய காகிதத்தில் இந்த எழுத்து மட்டும் இருந்தாலும் ஆள் எந்தக் கண்டத்துக்குப் போனார் என்று சொல்லிவிடலாம்.

படி 4: அந்த நாளில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் போடுங்கள்

பிரிகேட் என்பது ஒரு பெட்டி. உள்ளே இருக்கும் பட்டாலியன்கள் மாறிக்கொண்டே இருக்கும். போருக்கு முந்தைய ஆண்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு போர்க்காலச் சண்டையைப் படிக்கக் கூடாது. தேதி போட்ட பட்டியல் வேண்டும். டாங்காவுக்கு அது இப்படி:

27-வது பெங்களூர் பிரிகேட், தளபதி ரிச்சர்ட் வாப்ஷேர்: 2-வது லாயல் நார்த் லங்காஷயர், 63-வது பாளையங்கோட்டை, 98-வது காலாட்படை, 101-வது கிரெனடியர்ஸ்.

இம்பீரியல் சர்வீஸ் பிரிகேட், தளபதி மைக்கேல் டை: 13-வது ராஜபுத்திரர்கள், 2-வது காஷ்மீர் ரைஃபிள்ஸ், 3-வது காஷ்மீர் ரைஃபிள்ஸில் பாதி, 3-வது குவாலியர் காலாட்படையில் பாதி. இம்பீரியல் சர்வீஸ் என்றால் சமஸ்தான மன்னர்கள் கொடுத்த படை.

பிரிகேட் கணக்கில் வராமல் 61-வது பயனியர்ஸ், 28-வது மலைப் பீரங்கிப் பாட்டரி, ரயில்வே கம்பெனிகள். எல்லோருக்கும் மேலே மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். மொத்தம் சுமார் 8,000 பேர்.

பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். "இந்தியர்கள் ஓடினார்கள்", "இந்தியர்கள் நகருக்குள் புகுந்தார்கள்" என்று இரண்டு வாக்கியமும் ஒரே சண்டையைப் பற்றி வரும். எந்த இந்தியர்கள் என்று பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

படி 5: நாள்வாரியாக எழுதிப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் ஒரே பத்தியில் போகும் சண்டையை ஒரு நோட்டில் தேதி வாரியாகப் பிரித்தெழுதினால், பத்தியில் தெரியாத காரணங்கள் தானாகத் தெரியவரும்.

செப்டம்பர் 22, 1914. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். எம்டன் பிடிபடாமல் சுற்றிக்கொண்டிருந்த கடலில்தான் படைகளை ஏற்றிய கப்பல்களும் போக வேண்டியிருந்தது. காவல் கப்பல் இல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது.

அக்டோபர் 16. பம்பாயிலிருந்து பயணப்படை பி புறப்பட்டது. நெரிசல், வெக்கை, கடல் குமட்டல். கடலையே பார்த்திராதவர்கள் பலர். பல பட்டாலியன்கள் அதுவரை ஒன்றாகப் பயிற்சி எடுத்ததில்லை, எய்ட்கனும் இந்தப் படையை முன்பு நடத்தியதில்லை.

நவம்பர் 2. டாங்காவுக்கு வெளியே ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் வந்து நின்றது. சண்டை வேண்டாம் என்று கடற்படை முன்பு ஜெர்மானியர்களோடு ஒரு உடன்பாடு செய்திருந்தது. ஃபாக்ஸின் தளபதி கால்ஃபீல்ட் நகர அதிகாரியைச் சந்தித்து, அந்த உடன்பாடு இனி செல்லாது, சரணடையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். திருடப்போகும் வீட்டில் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்த கதை. துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்குமோ என்ற பயம் வேறு. அதனால் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, ராஸ் கசோனே முனையில் இறங்குவது என்று முடிவானது. ஜெர்மன் தளபதி பால் ஃபோன் லெட்டோ-ஃபோர்பெக்குக்கு வேண்டியதெல்லாம் அந்த அவகாசம்தான். கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷியிலிருந்து டாங்காவுக்கு ரயில் இருந்தது. ஆட்களை ஏற்றி அனுப்பத் தொடங்கினார்.

நவம்பர் 3. இரவில் கரையேறிய 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்களும் விடியலில் நகரத்தை நோக்கி நடந்தார்கள். முன்கூட்டி வேவு பார்க்கவில்லை. நகரின் கிழக்கு ஓரத்தில் ரயில்பாதைக்கு வெட்டிய பள்ளத்தை ஒட்டி இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. சுமார் 300 பேரை இழந்து பின்வாங்கினார்கள். அன்றிரவு கடந்து, விடியும் முன் லெட்டோ-ஃபோர்பெக் வந்து சேர்ந்து, ஆளில்லாத நகரத்துக்குள் சைக்கிளில் சுற்றிப் பார்த்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

நவம்பர் 4. இப்போதுதான் நம் பிரிகேட். நண்பகல் வெயிலில் மொத்தப் படையும் வரிசை கட்டி நகர்ந்தது. வழி முழுக்கத் தோட்டமும் புதரும், பக்கத்துக் கம்பெனி கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கம் காஷ்மீர்க்காரர்கள், அடுத்து லங்காஷயர், நடுவில் 63-வது, இடக்கோடியில் 101-வது. 98-வது பின்னால். மலைப் பீரங்கிகளைக் கரையிறக்கவே இல்லை, கப்பல் தளத்தில் கட்டிவைத்து அங்கிருந்தே சுட்டார்கள். எங்கே விழுகிறது என்று யார் பார்த்தது?

சுடத் தொடங்கியதும் 63-வது கலைந்து பின்னால் ஓடியது. லங்காஷயருக்கும் கிரெனடியர்களுக்கும் நடுவே வரிசையில் ஓட்டை விழுந்தது. 98-வது முன்னேறியபோது குண்டுபட்டுக் கலைந்த காட்டுத்தேனீக்கள் கூட்டமாகப் பாய்ந்தன, அவர்களும் சிதறினார்கள். ஜெர்மானியர்கள் கயிறு கட்டித் தேனீயை ஏவிவிட்டார்கள் என்று அப்போது ஒரு வதந்தி உலவியது. தேனீ அவர்களையும் கொட்டியது என்பதுதான் நடந்தது. வலப்பக்கத்தில் காஷ்மீர் ரைஃபிள்ஸும் லங்காஷயரும் பள்ளத்தைத் தாண்டி நகருக்குள் புகுந்து, வீதி வீதியாகச் சண்டையிட்டு, கைசர் ஓட்டலின் கொடியை இறக்கினார்கள். இடப்பக்கத்தில் தனித்து நின்ற 101-வது கிரெனடியர்ஸ் மேல் லெட்டோ-ஃபோர்பெக் கையில் வைத்திருந்த சேமப்படையை ஏவினார். அந்தப் பட்டாலியன் நொறுங்கியது. மாலைக்குள் எல்லோரும் கரைக்குத் திரும்பினார்கள்.

நவம்பர் 5. கப்பலேறினார்கள். சாமான்களைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். 16 இயந்திரத் துப்பாக்கிகள், 6,00,000 தோட்டாக்கள், மூன்று கம்பெனிக்குப் போதுமான நவீன ரைஃபிள்கள், ஒரு வருடத்துக்குத் தேவையான துணிமணி கிடைத்தன என்று லெட்டோ-ஃபோர்பெக் கணக்குச் சொல்கிறார். அதுவரை அவருடைய ஆப்பிரிக்க அஸ்காரி வீரர்கள் பலர் புகை கக்கும் 1871 மாடல் துப்பாக்கியோடு நின்றவர்கள். அவர் பக்கம் ஆட்கள் சுமார் 1,000. இழப்பு 150 அளவில். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் சேர்த்து 800-க்கு மேல்.

அதன்பின் எய்ட்கனைத் திருப்பி அழைத்துப் பதவியிறக்கினார்கள். செய்தியைப் பல மாதம் மக்களுக்குச் சொல்லவில்லை. பிரிகேட் என்ற வடிவமும் கலைந்து, பட்டாலியன்கள் உகாண்டா ரயில்பாதையைக் காக்க ஆங்காங்கே பிரிந்தன. 1915 ஜனவரியில் ஜாசின் என்ற எல்லைக் காவல்நிலையில் 101-வது கிரெனடியர்களும் காஷ்மீர் ரைஃபிள்ஸும் தோட்டா தீரும்வரை சண்டையிட்டுச் சரணடைந்தார்கள். காஷ்மீர்ப் படையின் கர்னல் ரகுவீர் சிங் அங்கே இறந்தார். லெட்டோ-ஃபோர்பெக் ஆயுதத்தைக் கீழே வைத்தது 1918 நவம்பர் 25-ம் தேதி, ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

படி 6: இதை எழுதியது யார்?

"63-வது ஓடியது." இந்த ஒரு வரி நூறு வருடமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் தாவுகிறது. நடந்ததா என்றால் நடந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வரியோடு பெரும்பாலும் ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்: மெட்ராஸ்காரர்கள், சண்டைக்கு ஆகாதவர்கள்.

ஐந்தாவது படியில் எழுதிய நோட்டைத் திருப்பிப் பாருங்கள். முந்தைய நாள் நிலைகுலைந்தவர்களில் ராஜபுத்திரர்கள் இருந்தார்கள். அவர்கள் ராபர்ட்ஸின் கொள்கைப்படி முதல்தரப் போர்க்குடி. தெற்கத்தியர் ஓடினால் ரத்தத்தில் குறை, வடக்கத்தியர் ஓடினால் சூழ்நிலையில் குறையா? இரண்டு பேரையும் ஒரே மாதிரி கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து, ஒரே மாதிரி வேவு பார்க்காமல், ஒரே மாதிரி இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். முதல் நாள் அடிவாங்கிய 61-வது பயனியர்ஸ் அதற்குப் பிறகும் அதே கிழக்காப்பிரிக்காவில் தொடர்ந்து வேலை பார்த்தார்கள், அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. முப்பது வருடமாக "நீங்கள் லாயக்கில்லை" என்று சொல்லி நல்ல அதிகாரிகளையும் நல்ல ஆயுதத்தையும் மற்ற பட்டாளங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மதியத்தை வைத்துத் தீர்ப்பெழுதியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். நோட்டை எழுதிய பிறகு வாருங்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: எழுதியவர் எந்தப் பட்டாலியன், எப்போது எழுதினார், எதைக் காப்பாற்ற எழுதினார். டாங்கா பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் சாட்சி உளவு அதிகாரி ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பு. படிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அவர் தம் நாட்குறிப்புகளைப் பிற்காலத்தில் திருத்தித் தட்டச்சு செய்தவர் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பறவை ஆராய்ச்சியிலும் மற்றவர்கள் சேகரித்த பறவைகளுக்குப் பொய்ச்சீட்டு ஒட்டியது கண்டுபிடிக்கப்பட்டது. அப்படிப்பட்டவரின் சுவையான வசனங்களை வேறு சாட்சி இல்லாமல் எடுத்தாளாதீர்கள். ஜெர்மன் தரப்பு எண்களையும் பிரிட்டிஷ் எண்களையும் அருகருகே எழுதுங்கள், எதிரியின் இழப்பை எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். தமிழ் சிப்பாயின் பக்கத்திலிருந்து எழுதிய நாட்குறிப்பு எதுவும் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

படி 7: மூலத்தைத் தேடுங்கள்

ஒவ்வொரு பட்டாலியனும் பிரிகேட் தலைமையகமும் போரில் தினமும் ஒரு பதிவு எழுத வேண்டும். போர் நாட்குறிப்பு என்பார்கள். முதல் உலகப் போருக்கானவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. இணையத்தில் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம்.

டாங்காவைத் தேடுபவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. பயணப்படை பி-யை அனுப்பியது லண்டன் போர் அமைச்சகம் அல்ல, இந்தியா ஆபீஸும் (லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அமைச்சகம்) இந்திய அரசும். தோல்விக்குப் பிறகுதான் போர் அமைச்சகம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதனால் தொடக்ககாலக் கடிதப் போக்குவரத்து பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும், பின்னாளையது கியூவிலும் பிரிந்து கிடக்கும். ஒரு இடத்தில் இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டே தேட, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் இருக்கிறது. கணக்கு தொடங்கினால் ஸ்கேன் செய்த கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். "டாங்கா" என்று தேடுவதைவிடப் பட்டாலியன் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். பாளையங்கோட்டையை அன்றைய வெள்ளைக்காரர்கள் எழுதியபடி "பாலம்கோட்டா" (Palamcottah) என்ற எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும், இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. அதிகாரிகள் பெயருக்கு அந்தந்த ஆண்டின் இந்திய ராணுவப் பட்டியலைப் பாருங்கள், இந்திய அதிகாரிகளான சுபேதார், ஜமேதார் பெயர்களும் அதில் இருக்கும். கிழக்காப்பிரிக்கப் போருக்கான பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வ வரலாற்றில் ஒரே பாகம்தான் 1941-இல் வெளிவந்தது. அது 1916 செப்டம்பரோடு நிற்கிறது. டாங்காவுக்குப் போதும், மேலே போவதற்குப் போதாது.

படி 8: ஒரு ஆளைத் தேடுகிறீர்கள் என்றால்

வீட்டில் பதக்கம் இருந்தால் துலக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பெயரை அழித்த வீடுகள் எத்தனையோ. வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில், வெண்கல நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தில், எண், பதவி, பெயர், பட்டாளம் பொறித்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். டாங்காவுக்குப் போனவர்களுக்கு உரியது 1914-15 நட்சத்திரம். 1914 என்று மட்டும் போட்ட நட்சத்திரம் பிரான்ஸ், பெல்ஜியம் போனவர்களுடையது.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். ராமசாமி என்ற ஒரு பெயரையே குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா வேறு மாதிரி எழுதியிருப்பார், "சாமி" பல இடங்களில் "சவ்மி" ஆகியிருக்கும். பட்டாளத்தைத் தேர்ந்தெடுத்து, இறந்த தேதியை 1914 நவம்பர் 2 முதல் 5 வரை என்று குறுக்கினால் வரும் பட்டியலைக் கண்ணால் ஓட்டிவிடலாம். இந்தியர்களின் பதிவில் சில நேரம் தகப்பன் பெயரும் கிராமமும் இருக்கும். உயிரோடு திரும்பியவரைத் தேடுவதுதான் கஷ்டம். பஞ்சாபில் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து 2021-இல் டிஜிட்டல் வடிவம் பெற்றன. உங்கள் ஆள் தெற்கத்தியர் என்றால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அதைவிட, ஊருக்குப் போய்ப் பாருங்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் பல ஊர்களில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரிலோ, சாவடியிலோ, வெள்ளையடித்து எழுத்து மூடிப்போயோ கிடக்கும். அதில் பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் "பட்டாளத்துக்காரர் வீடு எது?" என்று கேளுங்கள். ஆள் போய் நூறு வருடம் ஆனாலும் அந்த வீட்டுக்கு அந்தப் பெயர் நின்றிருக்கும். போகும்போது ஈரத்துணி ஒன்று கொண்டுபோங்கள், கல்லைத் துடைக்க. கம்பி பிரஷ் வேண்டாம்.